ஒரே லாட்டில் சாயம், ஒரே மண்டபத்தில் பாட்டு

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் கலைநிகழ்ச்சிக் குழு சார்பில் பேசியது. படிப்பதற்கு ஏற்றபடி சிறு திருத்தங்களுடன் இங்கே தருகிறோம்.)



குடிதண்ணீர் வருகிற நாள், சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு என்று பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டோம். கடைசியாக எனக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் பேசப்போவது நம் விழா மேடையின் ஒலி பற்றி. இதற்கென்று ஒரு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இன்றைய நிகழ்ச்சி நிரலின் கடைசித் தீர்மானம், விழா மேடைக்குப் புது லேப்டாப்பும் ஒலிக்கருவியும் வாங்கச் சந்தாப் பணத்தை ஒதுக்குவது. போன கூட்டத்தில் அதைக் கேட்டவன் நான்தான். இன்றைக்கு அது வேண்டாம் என்று சொல்ல வந்திருப்பவனும் நான்தான். ஏன் என்று விளக்க வேண்டியது என் கடமை.

போன பொங்கல் விழா எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிள்ளைகள் பாடும்போது ஸ்பீக்கர் 'கர கர'வென்று இரைந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்கு மாறும்போது கத்தரியால் வெட்டியதுபோல் ஓசை அறுந்தது. வரவேற்புரை கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வள்ளி கும்மிக்கு முன்பாட்டுப் பாட நாலாவது வீதி அப்பத்தாவை மேடைக்கு அழைத்து வந்தோம். இரண்டு அடி பாடினார்கள், நிறுத்தினார்கள். "ஏங்கண்ணு, என்ற கொரலு எனக்கே கேக்குலியே" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்கள். வட்டம் கட்டி நின்ற பெண்கள் பாட்டில்லாமல் பறைக்கு மட்டும் அடி வைத்தார்கள். ஒலி வேலையைப் பார்த்தவன் நான். வாடகைக்கு வந்த ஸ்பீக்கரின் மீதும் பழைய லேப்டாப்பின் மீதும் பழியைப் போட்டேன். புதுசு வாங்கினால் சரியாகிவிடும் என்று உங்களிடமும் சொன்னேன். பிறகு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தபோது, கோளாறு நான் அமைத்த விதத்தில்தான் என்று தெரிந்தது.

முதலில் ரிவர்ப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாம் எல்லோரும் அவிநாசி கோயிலுக்குப் போயிருக்கிறோம். கல் மண்டபத்துக்குள் ஓதுவார் தேவாரம் பாடினால், பாட்டு நின்ற பிறகும் அந்த நாதம் ஒரு நொடிக்கு மேல் மண்டபத்திலேயே நிற்கும். குரல் நேராக நம் காதுக்கு ஒருமுறை வருகிறது. பிறகு தூணில் பட்டு, கூரையில் பட்டு, தரையில் பட்டு, ஆயிரம் சிறு சிறு பிரதிபலிப்புகளாகத் திரும்பத் திரும்ப வந்து மெல்ல அடங்குகிறது. அந்த அடங்கலுக்குத்தான் ரிவர்ப் என்று பெயர். ஒலி 60 டெசிபல் குறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து ஓர் இடத்தின் ரிவர்ப்பை அளப்பார்கள்.

நம் விழா நடப்பதோ திறந்த மைதானம். கூரை இல்லை, தூண் இல்லை. பாடுகிற குரல் காய்ந்த ரொட்டி மாதிரி இருக்கும். அதோடு எதிரே அடுக்குமாடிச் சுவர் வேறு. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். சுவர் 34 மீட்டர் தள்ளியிருந்தால், போய்த் திரும்பிவர ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அது நாதமாகக் கேட்காது, தனியாக இன்னொருவர் கத்துவதுபோலக் கேட்கும். எனவே திறந்தவெளியில் பாடுகிறவர்களுக்குக் கொஞ்சம் செயற்கையாக மண்டப ஓசை கொடுப்பது வழக்கம். அதைக் கொடுப்பதில்தான் நான் தப்புப் பண்ணினேன்.

இந்தச் செயற்கை ஓசைக்கு ஒரு கதை உண்டு. 1947-இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பொறியாளர், ஸ்டுடியோவின் குளியலறையில் ஒரு ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் வைத்தார். பாட்டின் ஒரு பங்கை அந்த அறைக்குள் ஒலிக்க விட்டு, அங்கே எழுந்த நாதத்தை மைக்கில் பிடித்து, மூலப் பாட்டோடு சேர்த்தார். பத்து வருடம் கழித்து, 1957-இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் பெரிய எஃகுத் தகட்டை ஒரு சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதை அதிரவைத்து நாதம் எடுக்கும் கருவியைக் கொண்டுவந்தது. அதன் எடை கால் டன்னுக்கு மேல். 1976-இல் அதே நிறுவனம் டிஜிட்டல் ரிவர்ப் கருவியை வெளியிட்டது. இந்த மூன்றிலும் ஒரு பொது விஷயம் இருக்கிறது. ஒரு குளியலறைதான் இருந்தது, ஒரு தகடுதான் இருந்தது, ஒரு கருவிதான் வாங்க முடிந்தது. பத்துப் பேர் பாடினாலும் பத்துப் பேரின் குரலும் அந்த ஒன்றுக்குத்தான் போயாக வேண்டும். வேறு வழியில்லாமல் எல்லோரும் அதைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இப்போது எல்லாம் மென்பொருளில் வந்துவிட்டது. ஒரு ரிவர்ப்பை நகல் எடுக்கக் காசு கிடையாது. காசு இல்லை என்றதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் மேடையில் எட்டு மைக், ஒரு கீபோர்டு, ஆக ஒன்பது வழி. ஒன்பதுக்கும் ஒன்பது ரிவர்ப் போட்டேன். பன்னிரண்டு பாட்டுக்கும் தனித்தனி அமைப்பு. ஒவ்வொன்றிலும் ஒன்பது. மொத்தம் 108. கோயில் பிரகாரம் சுற்றுகிற கணக்கு! ஒரு நேரத்தில் ஒன்பதுதான் வேலை செய்யும் என்றாலும், எதையாவது குறைக்க வேண்டுமென்றால் ஒன்பது இடத்தில் திருக வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அது முடிகிற காரியமா?

லேப்டாப் ஏன் இரைந்தது என்பதையும் நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மேடையில் பாடுகிறபோது, குரல் உள்ளே போனதும் உடனே வெளியே வர வேண்டும். அதனால் மென்பொருள் ஒலியைச் சின்னச் சின்னக் கட்டாக வேலை செய்து அனுப்புகிறது. ஒரு நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒரு கட்டுக்கு 128 மாதிரிகள் என்று வைத்தால், ஒரு கட்டை முடிக்க ஏறக்குறைய 2.7 மில்லி நொடிதான் அவகாசம். இது ஷிப்மென்ட் தேதி மாதிரி. சரக்கு முடிந்தாலும் முடியாவிட்டாலும் கப்பல் கிளம்பிவிடும். ஒன்பது ரிவர்ப்பையும் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டால் அந்தக் கட்டு காலியாகப் போகும். அந்த ஓட்டைதான் ஸ்பீக்கரில் 'கர கர'. லேப்டாப் பாவம், அதன் தலையில் ஒன்பது ஆள் வேலையை ஏற்றியது நான்.

சரி, இதற்கு வழி என்ன? வழி நம் ஊரிலேயே இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பனியன் தொழிலில் இருப்பவர்கள். பவர் டேபிள் பத்து வைத்து ஓட்டுகிற ஒருவர், தனக்கென்று ஒரு சாயப்பட்டறை கட்டுகிறாரா? காம்பாக்டிங் மெஷின் வாங்குகிறாரா? எம்பிராய்டரிக்குத் தனி ஷெட் போடுகிறாரா? இல்லை. நூலை நிட்டிங்குக்கு அனுப்புகிறார், துணியைச் சாயத்துக்கு அனுப்புகிறார், டி.சி. போட்டு அனுப்பினால் வேலை முடிந்து திரும்பி வருகிறது. ஒரு பட்டறை, நூறு கம்பெனிக்கு வேலை செய்கிறது. திருப்பூர் இந்த அளவுக்கு வளர்ந்ததே இந்த ஜாப் ஒர்க் முறையால்தான்.

மேடை ஒலி மென்பொருளிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. ரிவர்ப்பை ஒரே ஒரு இடத்தில் பொதுவாக வைக்க வேண்டும். ஒவ்வொரு மைக்கின் வழியிலும் 'சென்ட்' என்று ஒரு திருகு இருக்கும். எவ்வளவு திருகுகிறோமோ அவ்வளவு குரல் அந்தப் பொது ரிவர்ப்புக்குப் போகும். வேலை முடிந்து வருகிற வழிக்கு 'ரிட்டர்ன்' என்று பெயர். அனுப்பு, திரும்பப் பெறு. டி.சி. போடத் தெரிந்த யாருக்கும் இது புரிந்துவிடும்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, அதைக் கவனிக்க வேண்டும். துணியைச் சாயத்துக்கு அனுப்பினால் துணி முழுசாகப் போய்விடும். குரலை அனுப்பினால் நகல்தான் போகும். மூலக் குரல் அதன் வழியில் நேராக ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டே இருக்கும். எனவே பொது ரிவர்ப்பில் இருக்கிற 'ட்ரை, வெட்' அளவை நூறு சதவீதம் 'வெட்' என்று வைத்துவிட வேண்டும். அதாவது பட்டறையிலிருந்து சாயம் மட்டும் வர வேண்டும், துணி வரக் கூடாது. இல்லையென்றால் மூலக் குரல் இரண்டு தடவை வந்து சேர்ந்து, திருகத் திருக ரிவர்ப்புக்குப் பதில் சத்தம் ஏறும். முதல்முறை செய்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வீட்டில் முயன்று பார்க்கும்போது நானும் தவறினேன்.

பொதுவாக வைப்பதால் லேப்டாப்புக்குச் சுமை குறையும் என்பது ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. டி-ஷர்ட்டுக்கு பாடியையும் கழுத்து ரிப்பையும் வேறு வேறு லாட்டில் சாயம் போட்டால் என்ன ஆகும்? இரண்டும் நேவி நீலம்தான், ஆனால் தைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஷேடு வேரியேஷன் பல்லைக் காட்டும். பையர் ரிஜெக்ட் பண்ணிவிடுவார். அதனால்தான் இரண்டையும் ஒரே லாட்டில் போடச் சொல்கிறோம். ஒலியிலும் அப்படியே. பிள்ளைகளின் குரலுக்கு ஒரு ரிவர்ப், பறைக்கு ஒரு ரிவர்ப், கீபோர்டுக்கு வேறொன்று என்று போட்டால், ஒருவர் கோயிலிலும் ஒருவர் குளியலறையிலும் ஒருவர் சினிமா தியேட்டரிலும் இருந்து பாடுகிற மாதிரி கேட்கும். கேட்பவர்களுக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் மனசு ஒட்டாது. எல்லோரையும் ஒரே ரிவர்ப்புக்கு அனுப்பினால், எல்லோரும் ஒரே மண்டபத்தில் நிற்கிறார்கள். சென்ட் கம்மியாக இருப்பவர் முன்னால் நிற்பதுபோலவும், அதிகமாக இருப்பவர் பின்னால் நிற்பதுபோலவும் தோன்றும். முன்பாட்டுக்காரர் முன்னே, கூட்டுப்பாட்டு சற்றுப் பின்னே. வள்ளி கும்மி எப்படி நிற்கிறதோ அப்படியே காதிலும் நிற்கும்.

நம் கொங்குநாட்டு வள்ளி ஒயில் கும்மிக்காகவே வாழ்நாளைக் கொடுத்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். அந்தக் கலையில் முன்பாட்டுக்காரர் ஓர் அடி பாட, ஆடுகிறவர்கள் அதை வாங்கிப் பாட வேண்டும். வாங்கிப் பாட வேண்டுமென்றால் முன்னவர் பாடுகிற சொல் கேட்க வேண்டும். சொல் கேட்காத ஒலியமைப்பு எவ்வளவு விலையுள்ளதாக இருந்தாலும் கும்மிக்கு உதவாது.

நம் பிள்ளைகளில் சிலர் வீட்டிலேயே மென்பொருள் வைத்துப் பழகுகிறார்கள். அவர்களுக்காக இதை எங்கே அமைப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். ஏபிள்டன் லைவ் வைத்திருந்தால் 'ரிட்டர்ன் ட்ராக்' ஒன்றைச் சேருங்கள். சேர்த்தவுடன் எல்லா ட்ராக்கிலும் அதற்கான சென்ட் திருகு தானாகவே வந்துவிடும். ரிவர்ப்பை அந்த ரிட்டர்னில் போட்டால் முடிந்தது. மேக் கணினியில் மெயின்ஸ்டேஜ் வைத்திருந்தால் ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு 'பேட்ச்' இருக்கும். அவை எல்லாவற்றுக்கும் மேலே, நிகழ்ச்சி முழுமைக்கும் பொதுவாக 'கான்சர்ட்' என்று ஒரு மட்டம் இருக்கும். ரிவர்ப் வைக்கும் 'ஆக்ஸ்' வழியைக் கான்சர்ட் மட்டத்தில் வையுங்கள். பாட்டின் பேட்சிலிருந்து 'பஸ்' வழியாக அதற்கு அனுப்புங்கள். கிக் பெர்ஃபார்மர் என்றால் இதே வேலையைச் செய்ய 'குளோபல் ராக்ஸ்பேஸ்' இருக்கிறது. பெயர்கள்தான் வேறு வேறு. பாட்டுக்குள் வைக்காதே, எல்லாப் பாட்டுக்கும் மேலே வை என்பதுதான் சாரம்.

மேலே வைப்பதால் இன்னொரு நன்மை. போன வருடம் பாட்டு மாறும்போது ஓசை அறுந்தது என்றேன் அல்லவா? ரிவர்ப் அந்தப் பாட்டின் பேட்சுக்குள் இருந்தது. பேட்ச் மாறியதும் ரிவர்ப்பும் போனது, அடங்கிக்கொண்டிருந்த நாதமும் நடுவில் வெட்டுப்பட்டது. பொது மட்டத்தில் இருந்தால் அடுத்த பாட்டுக்கு மாறிய பிறகும் முந்தைய பாட்டின் நாதம் இயல்பாக அடங்கும். வீதி மாறினாலும் மேல்நிலைத் தொட்டி அங்கேயே இருக்கிற மாதிரி.

அளவுகளில் சில எச்சரிக்கைகள். ஒன்று, ரிவர்ப்பின் நீளம். திறந்தவெளி என்பதால் கோயில் மாதிரியே வேண்டும் என்று மூன்று நான்கு நொடி வைத்தால் சொல் குழம்பும். ஒன்றரை நொடிக்குள் வையுங்கள். இரண்டு, ரிவர்ப்புக்குப் போகிற ஒலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டிவிடுங்கள். பறையின் அதிர்வு ரிவர்ப்புக்குள் போனால் எல்லாம் சேறாகிவிடும். மூன்று, 'ப்ரீ டிலே' என்று ஒன்று இருக்கும். குரலுக்கும் ரிவர்ப் தொடங்குவதற்கும் இடையில் இருபது முப்பது மில்லி நொடி இடைவெளி விட்டால், முதலில் சொல் தெளிவாகக் கேட்கும், பிறகு நாதம் வரும். நான்கு, பாடுகிறவர் முன்னால் வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கருக்கு ரிவர்ப்பை அனுப்பாதீர்கள். அனுப்பினால் அது மறுபடியும் மைக்குக்குள் போய் ஊளையிடும். அப்பத்தா தன் குரலைக் கேட்க முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் காதுக்குக் குரலுக்குப் பதில் நாதத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்து 'ப்ரீ', 'போஸ்ட்' விவகாரம். சென்ட்டை 'போஸ்ட்' என்று வைத்தால், பாடகரின் சத்தத்தைக் குறைக்கும்போது அவருடைய ரிவர்ப்பும் சேர்ந்தே குறையும். 'ப்ரீ' என்று வைத்தால், குரலை முழுசாக மூடினாலும் ரிவர்ப் மட்டும் பேய் மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும். நமக்குப் போஸ்ட் போதும்.

பேசுகிற மைக்குக்கு ரிவர்ப்பே வேண்டாம். வரவேற்புரை, நன்றியுரை, காணாமல் போன குழந்தை பற்றிய அறிவிப்பு, இவற்றுக்குச் சென்ட் பூஜ்ஜியம். பாடகரே பாட்டுக்கு நடுவில் இரண்டு வார்த்தை பேசுவார். அதற்கு ஒரு கால் பெடலை ஒதுக்கிக்கொள்ளலாம். இதில் ஒரு நுணுக்கம்: ரிட்டர்னை மூடினால் கடைசி சுரத்தின் நாதம் பாதியில் அறுந்துபோகும். சென்ட்டை மூடினால் ஏற்கெனவே போனது இயல்பாக அடங்கும், புதிதாகப் பேசுவது மட்டும் உள்ளே போகாது. தொட்டிக்கு வருகிற குழாயை அடைப்பதா, தொட்டியை உடைப்பதா என்கிற வித்தியாசம்.

எல்லாவற்றையும் பொதுவாக்கலாமா என்றால், கூடாது. ஒவ்வொருவர் குரலின் கரகரப்பைச் சரிசெய்கிற ஈக்யூ, கத்தினால் அடக்குகிற கம்ப்ரெஸர், இவை அவரவர் வழியிலேயே இருக்க வேண்டும். அளவெடுத்துத் தைக்கிற சட்டை ஆளுக்கு ஆள் வேறு, பந்தல் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. ரிவர்ப் ஒன்று, டிலே என்கிற எதிரொலி ஒன்று, இந்த இரண்டைப் பொதுவில் வைத்தால் நம் விழாவுக்கு நிறைவாகப் போதும். டிலேயைப் பாட்டின் வேகத்தோடு பொருத்த ஓர் எளிய கணக்கு: 60,000-ஐ ஒரு நிமிடத்துக்கு எத்தனை தாளம் என்பதால் வகுக்க வேண்டும். நூறு தாளம் என்றால் 600 மில்லி நொடி. பாட்டுக்குப் பாட்டு வேகம் மாறும், அதனால் டிலே பாட்டின் வேகத்தைத் தானே பின்பற்றுகிறபடி வைத்துவிடுங்கள்.

ஒத்திகையின்போது சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற நம் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "எல்லாரையும் ஒண்ணை நம்ப வைக்கறீங்களே, அது கெட்டா எல்லாருக்கும் கெட்டுப்போகுமே?" அவர் கேட்டதில் அனுபவம் இருக்கிறது. 2011 ஜனவரியில், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, நிட்டிங்கும் தையலும் பேக்கிங்கும் எப்படித் தடுமாறின என்று நாம் பார்த்தவர்கள். பொது என்றால் பொறுப்பும் பொது. நொய்யலுக்கு நடந்ததையும் அதன் பிறகு நாம் கற்றுக்கொண்டதையும் இந்த ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதனால் மேடையில் மூன்று ஏற்பாடு செய்கிறோம். பொது ரிவர்ப்பின் அளவை மாற்றும் உரிமை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே. ஒத்திகையில் முடிவுசெய்த அளவைச் சேமித்து, பென் டிரைவில் ஒரு நகல் வைக்கிறோம். மூன்றாவது, ரிவர்ப் மொத்தமாகப் போய்விட்டாலும் நிகழ்ச்சி நிற்காது. மூலக் குரல் தனி வழியில் நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது அல்லவா? பந்தல் சரிந்தாலும் பாட்டு நிற்காது. ஒவ்வொரு வழியிலும் ரிவர்ப்பைச் செருகியிருந்தால், அது மாட்டிக்கொள்ளும்போது குரலும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும்.

கடைசியாக, அக்கம்பக்கத்து வீடுகளைப் பற்றி. போன வருடம் விழா மைதானத்தை ஒட்டிய வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெரியவருக்காக அவர் மகள் இரண்டு முறை வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். நான் குறைக்கவில்லை, ஏற்றினேன். ஏனென்றால் சொல் கேட்கவில்லை என்று பின்வரிசையில் இருந்தவர்கள் சொன்னார்கள். ரிவர்ப் அதிகமாகிச் சொல் குழம்பினால், சத்தத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் ரிவர்ப்பும் கூடும், சொல் அப்போதும் கேட்காது. நடுவில் அந்தப் பெரியவர்தான் அவதிப்பட்டார். அந்த வீட்டுக்கு இந்தக் கூட்டத்தின் முன் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிடப் பத்து டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. அதாவது நமக்குப் பகலில் 65. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் வைக்கக் கூடாது. இந்த வருடம் அனுமதிக் கடிதத்தைக் குழு முன்கூட்டியே வாங்கிவிடும், ஒன்பதரைக்கு மேடை முடிந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை, அதே பழைய லேப்டாப், அதே மைக், சமுதாயக் கூடத்துக்கு வெளியே திறந்தவெளியில் வைத்துப் பார்த்தோம். ஒன்பது ரிவர்ப்பை எடுத்துவிட்டு, பொதுவில் ஒரு ரிவர்ப், ஒரு டிலே. ஒரு மணி நேரம் ஓடியது, ஒரு இரைச்சல் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனும்தான் அமைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவே.

அன்றைக்கு நாலாவது வீதி அப்பத்தாவைப் போய்க் கூப்பிட்டேன். முதலில் வரமாட்டேன் என்றார்கள். "எனக்கெதுக்குக் கண்ணு மைக்கு, ஊட்டுலயே பாடிக்கறேன்" என்றார்கள். கும்மி ஆடுகிற பெண்கள் போய் நின்றதும் வந்தார்கள். பாடி முடித்ததும், "இந்தக் கோயல் சத்தத்த இன்னுங் கொஞ்சம் கம்மி பண்ணு" என்றார்கள். அந்தப் பெண் சென்ட்டைக் கொஞ்சம் குறைத்தாள். மறுபடி பாடினார்கள். இந்த முறை நிறுத்தவில்லை. ஆடுகிறவர்கள் ஒவ்வோர் அடியையும் வாங்கிப் பாடினார்கள்.

எனவே தலைவர் அவர்களே, லேப்டாப்பும் கருவியும் வாங்கும் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்குப் பதில் மைக் கேபிள் நான்கு, ஸ்டாண்டு இரண்டு, ஒரு கால் பெடல், இவ்வளவுதான் கேட்கிறேன். பொருளாளர் சிரிப்பது தெரிகிறது. ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் ஒத்திகை. மேடை ஒலியைக் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். பாடத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.